குசினித் தரையில் ஒரு சிவந்த முகம்

ஒரு குசினி. காஸ் அடுப்பின் திருகுகள் திறந்தபடி இருக்கின்றன. போறணைக்குள் வெதுப்பிய பலகாரம். பாத்திரம் கழுவும் தொட்டியருகே உருளைக்கிழங்குகள். சிலவற்றுக்குத் தோல் சீவியாகிவிட்டது, சில அப்படியே கிடக்கின்றன. கதவு இடுக்குகளில் பத்திரிகைத் தாள்கள் திணிக்கப்பட்டிருக்கின்றன. தரையில் வீட்டுக்காரப் பெண் இறந்து கிடக்கிறார். செத்தவர்களின் முகம் வெளிறிப்போகும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருப்போம். இவருடைய முகமோ சிவந்திருக்கிறது. அடுப்படி வெக்கையில் நின்று வேலைசெய்துவிட்டுச் சற்றுச் சாய்ந்தவர்போல.

சம்பவம் நடந்தது 1944 ஏப்ரல் மாதம் என்று கூடவுள்ள குறிப்பு சொல்கிறது. ஆனால் அந்தப் பெண் ஒரு பொம்மை. குசினி முழுவதையும் ஒரு மேசையில் வைத்துவிடலாம். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் செய்யப்பட்டது. மனிதத் தலையைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டு சென்ரிமீற்றர்கூட வராது. அந்தச் சின்ன முகத்தில், கன்னத்துக்கு எந்தச் சிவப்பு, கழுத்துக்கு எந்தச் சிவப்பு என்று பார்த்துப் பார்த்துத் தீட்டியவர், அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு அமெரிக்கப் பணக்காரப் பாட்டி. பெயர் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ. மரண விசாரணைத் துறையில் இருப்பவர்கள் அவரைத் தங்கள் துறையின் தாய் என்றே சொல்வார்கள். எம்மவர்களிடையே அவரைப் பற்றிப் பேச்சு அதிகம் இல்லை. பேசவேண்டும் என்று எமக்குத் தோன்றியதன் காரணம் போகப்போகத் தெரியும்.

1878 மார்ச் 25ஆம் திகதி சிக்காகோவில் பிறந்தார். தகப்பனார் ஜோன் ஜேக்கப் கிளெஸ்னர் விவசாய இயந்திரங்கள் செய்து விற்றவர். அவருடைய நிறுவனமும் வேறு சிலவும் சேர்ந்துதான் பின்னாளில் இன்ரநஷனல் ஹார்வெஸ்ரர் என்ற பெருங்கம்பனி உருவானது. பிரெய்ரி அவெனியூவில் 1887இல் அவர்கள் கட்டி முடித்த வீடு இன்றும் இருக்கிறது. அரும்பொருளகமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரப் பிள்ளை ஒருவரின் கலியாணத்துக்காகச் சிக்காகோ போயிருந்தபோது அந்த வீட்டின் முன்னால் நின்று பார்த்தோம். வீதிப் பக்கம் கருங்கல், கோட்டைபோல. வெளிச்சமும் முற்றமும் எல்லாம் உள்ளே. வெளியே முகம் காட்டாமல் உள்ளுக்குள்ளே வாழ்கின்ற வீடு. அதற்குள்தான் அந்தப் பெண்பிள்ளையும் வளர்ந்தது.

அண்ணன் ஜோர்ஜுக்கும் தங்கைக்கும் வீட்டிலேயே ஆசிரியர்கள் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பாடம் ஒன்று, ஆசிரியர்கள் ஒன்று. பிறகு அண்ணன் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தங்கை போகவில்லை. வைத்தியமும் சட்டமும் அவரை ஈர்த்தன என்பார்கள். ஆனால் ஹார்வர்ட் வைத்தியக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1945இல்தான். அப்போது அவருக்கு 67 வயது. பத்தொன்பதாவது வயதில், 1898இல், பிளூவெற் லீ என்ற சட்டத்தரணிக்கு அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மனம் ஒட்டவில்லை. நெடுநாள் பிரிந்திருந்து 1914இல் விவாகரத்துப் பெற்றார்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி இதற்குமேல் எழுத எமக்கு விருப்பமில்லை. அவரும் அதைப் பேசித் திரிந்தவராகத் தெரியவில்லை.

படிக்கக் கிடைக்காத கையும் மூளையும் வேறு எங்காவது போய்த்தானே தீரும். இவருக்கு அது சின்ன உருவங்களில் போனது. கிளெஸ்னர் குடும்பம் சிக்காகோ சிம்பொனி வாத்தியக் குழுவைத் தோள்கொடுத்து வளர்த்த குடும்பங்களில் ஒன்று. தாயாருக்குப் பிறந்தநாள் ஜனவரி முதலாம் திகதி. 1913ஆம் ஆண்டுப் பிறந்தநாளுக்கு மகள் கொடுத்த பரிசு, அந்த வாத்தியக் குழு முழுவதும்: தொண்ணூறு கலைஞர்கள், தொண்ணூறு பொம்மைகள், ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வாத்தியம், இசைத்தாள். கடைப் பொம்மையை வாங்கி வரிசையாக நிறுத்தி வைத்த வேலை அல்ல. தாடிக்காரருக்குத் தாடி, வழுக்கைக்காரருக்கு வழுக்கை. தாயாருக்கு அந்தக் கலைஞர்களை நேரே தெரியும் என்பதை மறக்கக்கூடாது. பொய்யாக ஒரு முகத்தை வைத்தால் உடனே பிடிபட்டுவிடும்.

அடுத்து, அந்நாளில் பெயர்பெற்றிருந்த ஃபிளொன்சலே நால்வர் குழுவைச் செய்தார். இதைப் பற்றித் தகப்பனார் எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. நால்வரையும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்து, சாப்பாடு முடிந்தபின் பொம்மைகளைக் காட்டினார்களாம். முதலில் ஒரே அமைதி. பிறகு நால்வரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் மற்ற மூவரின் பொம்மையில் இருந்த குணாம்சங்களைச் சுட்டிக்காட்டிக் குதூகலித்தார்களாம். மற்றவரின் முகத்தில் உடனே கண்ணில் படுகிறது எங்கள் முகத்தில் எங்களுக்குப் படுவதில்லை என்பது நாலு பேருக்கும் ஒத்து வந்திருக்கிறது.

சின்ன முகத்தில் நிறம் வைப்பது எவ்வளவு சிரமம் என்பது எமக்கு ஓரளவு தெரியும். மூத்தவன் உயர்தரம் படித்த நாட்களில், பழைய காலச் சிப்பாய் உருவங்களை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து வர்ணம் தீட்டுவான். படிப்பை விட்டுவிட்டுப் பொம்மையோடு இருக்கிறான் என்று தொடக்கத்தில் வீட்டில் ஏச்சு. பிறகு ஒருநாள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தோம். தோல் நிறம் என்று ஒரு போத்தலில் விற்கிறார்கள். அதைமட்டும் பூசினால் முகம் பிளாஸ்ரிக் மாதிரி நிற்கும். உண்மையான முகத்தில் புருவத்தின் கீழும் மூக்கின் கீழும் விழும் நிழல் இந்தச் சிறிய அளவில் தானாக விழாது. உருவம் சிறுக்கிறதே தவிர அதன்மேல் படுகிற வெளிச்சம் சிறுக்காது. ஆகவே நிழலையும் தூரிகையால்தான் வைக்கவேண்டும். கண்ணுக்கு வெறும் வெள்ளை வைத்தால் பேயைக் கண்டவன்போல முழிக்கும். கொஞ்சம் சாம்பலோ தோல் நிறமோ கலந்த வெள்ளை வேண்டும். தண்ணீர்போலக் கரைத்து, ஒரு பூச்சுக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. உயிர் தெரியவேண்டிய இடங்களில் சிவப்பு: கன்னம், மூக்கு நுனி, காது, கீழுதடு. இரத்தம் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் இடங்கள் அவை.

பிரான்சிஸ் அம்மையார் வாத்தியக் குழுவுக்குச் செய்ததும் ஏறத்தாழ இதுவே. முப்பது வருடங்களுக்குப் பிறகு அவர் செய்தது இதற்கு நேர் எதிர். இரத்த ஓட்டம் நின்றபின் சிவப்பு எங்கே போகும் என்பதைத் தீட்டினார்.

அந்த முப்பது வருடங்களுக்கு நடுவில் ஒரு மனிதர் வருகிறார். ஜோர்ஜ் பேர்ஜஸ் மக்ராத். அண்ணனோடு ஹார்வர்டில் படித்தவர்; பிறகு பொஸ்டன் நகரின் மரணப் பரிசோதனை வைத்தியரானவர். 1929இல் அம்மையாரும் மக்ராத்தும் ஒரே நேரத்தில் பொஸ்டன் வைத்தியசாலை ஒன்றில் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். பொழுது போகவேண்டுமே, அவர் தன் தொழில் கதைகளைச் சொன்னார், இவர் கேட்டார். எப்படிப்பட்ட கதைகள்? தற்கொலை என்று மூடப்பட்ட கொலை. கொலை என்று பிடித்து, உண்மையில் விபத்தாக இருந்தது. பிரேதத்தைத் தூக்கிய முதல் ஆளே தடயத்தை அழித்துவிட்ட சம்பவங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மரண விசாரணை அதிகாரிப் பதவி தேர்தலில் வென்று பிடிக்கும் பதவியாக இருந்தது. வைத்தியம் படித்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரேதப் பெட்டி விற்பவர்கூட அந்தக் கதிரையில் இருக்கலாம். மாசசூசெற்ஸ் மாநிலம் மட்டும் 1877இலேயே அந்த முறையை ஒழித்து வைத்தியர்களை நியமித்திருந்தது.

இந்த இடத்தில் எமது வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆங்கிலேயர் அமெரிக்காவில் விட்டுப்போன இதே ஏற்பாட்டைத்தான் இலங்கையிலும் விட்டுப்போனார்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற பெயரை நாங்கள் எல்லோரும் பத்திரிகையில் வாசித்து வளர்ந்தவர்கள். அங்கும் அவர் வைத்தியராக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. எங்கள் ஊரில் அயல் வளவில் ஒரு அக்கா இருந்தார். கலியாணம் முடித்து இரண்டு வருடம். ஒருநாள் விடியப்புறம் கிணற்றுக்குள் கிடந்தார். எமக்கு அப்போது பன்னிரண்டு வயது. விசாரணை மாமரத்தின் கீழ் ஒரு வாங்கில் நடந்தது, தேத்தண்ணி கொடுத்தார்கள், கையெழுத்து வைத்தார்கள், பின்னேரமே எடுத்துவிட்டார்கள். கால் தவறி விழுந்தது என்று எழுதப்பட்டது. அப்படியும் இருந்திருக்கலாம். அந்தக் கிணற்றுக் கட்டு எமது நெஞ்சளவு உயரம் என்பது மட்டும்தான் எமக்குத் தெரியும்.

மக்ராத்தின் கதைகளைக் கேட்டபோது அம்மையாருக்கு 51 வயது. அதே வருடம் அண்ணன் இறந்தார். 1932இல் தாய், 1936இல் தகப்பன். ஐம்பது வயதுக்கு மேல், தடுக்க ஆளில்லாமலும் கையில் பணத்தோடும் அவர் தன் படிப்பைத் தொடங்கினார் என்று சொல்லலாம். பட்டம் தராத படிப்பு. பிரேத பரிசோதனைகளில் போய் நின்றார். புத்தகம் புத்தகமாக வாங்கிச் சேர்த்தார். ஹார்வர்டில் சட்ட மருத்துவத்துக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவாக 1931இல் பணம் கொடுத்தார். சேர்த்த நூல்களை 1934இல் மக்ராத்தின் பெயரில் ஒரு நூலகமாக அங்கேயே கொடுத்தார். 1936இல் 250,000 டொலர் நன்கொடை. அக்காலப் பெறுமதியில் அது எவ்வளவு என்று கணக்குப் போடுவது எமது தொழில். ஆனால் எமக்கு உறைத்தது தொகை அல்ல. தன்னை மாணவியாகச் சேர்த்துக்கொள்ளாத ஒரு வாசலுக்குள் அவர் ஒரு துறையையே கட்டிக் கொடுத்தார். இங்கே வந்து இறங்கியபோது எங்களில் பலருடைய பட்டங்களுக்கும் ஒரு கடதாசியின் பெறுமதிதான் இருந்தது. வர்த்தகமாணி என்று சொல்லிக்கொண்டு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கிய வருடங்கள் எமக்கும் உண்டு. ஆகவே அந்த அம்மையார் எந்த மனநிலையில் அந்தக் காசோலைகளை எழுதியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பதுண்டு. கோபமா, பெருமையா, இரண்டும் கலந்ததா?

மக்ராத் 1938இல் காலமானார். வைத்தியர்களைப் பழக்குவதற்குத் துறை வந்துவிட்டது. ஆனால் வேறொரு இடைவெளியை அம்மையார் கண்டார். வைத்தியர் வந்து சேர்வதற்கு முன்பே பொலிஸ்காரர் வந்துவிடுகிறார். அவர் நடக்கிறார், கதவைத் திறக்கிறார், பிரேதத்தைப் புரட்டுகிறார். அந்த முதல் அரை மணித்தியாலத்தில் அழிந்ததை எந்தப் பேராசிரியராலும் மீட்க முடியாது. சரி, பொலிஸ்காரருக்கும் பயிற்சி கொடுக்கவேண்டும். எங்கே வைத்துக் கொடுப்பது? உண்மையான கொலை நடந்த வீட்டுக்குள் இருபது பயிலுனர்களைக் கூட்டிக்கொண்டு போகமுடியாது. அவர்கள் காலடியிலேயே தடயம் நசுங்கிப்போகும்.

தாயாருக்குப் பொம்மை செய்த கை அப்போது திரும்பவும் நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

நியூ ஹம்ஷயர் மாநிலத்து மலைப்பகுதியில், த ரொக்ஸ் என்ற குடும்பப் பண்ணையில் பட்டறை போட்டார். ரால்ஃப் மோஷர் என்ற தச்சர் வீடுகளைக் கட்டினார். அவருக்குப் பின் மகன். பொம்மைகளும் துணிமணிகளும் அம்மையாரின் பொறுப்பு. 1940களில் வருடத்துக்கு இரண்டு மூன்று என்ற வேகத்தில் ஏறத்தாழ இருபது காட்சிகள். கதவுக்குத் திறப்பு உண்டு, யன்னல் திரை மேலும் கீழும் போகும், எலிப்பொறி வேலை செய்யும். காலுறைகளைக் குண்டூசிகளில் பின்னினார். சிகரெட்டுக்குள் உண்மைப் புகையிலை. சுவர் நாட்காட்டி சம்பவம் நடந்த மாதத்தைக் காட்டும். மாட்டுக்கொட்டில், மரக்குடில், எரிந்த குடிசை, வாடகை அறை, குளியலறை. பணக்கார வீட்டில் பிறந்தவர் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் ஏழைகளின் அறைகள். கிடப்பவர்களில் அதிகம் பேர் பெண்கள். இவற்றைச் செய்தவருக்கு அந்த வீடுகளுக்குள் வாழ்ந்த அனுபவம் இல்லை. பணக்காரியின் விளையாட்டு என்று இளப்பமாகப் பார்த்தவர்களும் உண்டு. எமக்கும் முதலில் அந்த எண்ணம் வந்தது. அந்த முகங்களைப் பற்றி வாசித்தபின் போய்விட்டது.

கடைகளில் கிடைத்த பொம்மைத் தலைகள் பீங்கானால் ஆனவை. பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்யப்படுபவை பொதுவாக ரோசாக் கன்னமும் சின்னச் சிவந்த வாயுமாக இருக்கும். அந்தச் சந்தோசத்தை அவர் தூரிகையால் அழிக்கவேண்டியிருந்தது. உடம்புக்குள் பஞ்சும் பாரத்துக்குச் சிறிய ஈயக் குண்டுகளும் வைத்தார். பிரேதம் தொய்ந்து கிடக்கவேண்டுமானால் தொய்வாக, விறைத்துக் கிடக்கவேண்டுமானால் உள்ளே கம்பி கொடுத்து. குளியலறைக் காட்சி ஒன்றில் தொட்டிக்குள் ஒரு பெண் கிடக்கிறார். குழாய்த் தண்ணீர் முகத்தில் விழுகிறது. கால்கள் தொட்டிக்கு வெளியே விறைப்பாக அந்தரத்தில் நிற்கின்றன. விழுந்தவுடன் இறந்தவரின் கால் அப்படி நிற்குமா என்று பார்ப்பவர் கேட்கவேண்டும். அதற்காகத்தான் அந்தக் கம்பி.

இனி நிறத்துக்கு வருவோம். இருதயம் நின்றதும் இரத்தத்தைத் தள்ளுவதற்கு ஆளில்லை. மழைத்தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல, உடம்பின் தாழ்ந்த பக்கத்துக்கு இரத்தம் இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடந்தால் முதுகில்; குப்புறக் கிடந்தால் முகத்திலும் நெஞ்சிலும். முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊதா கலந்த சிவப்பாகத் தெரியத் தொடங்கும். தரையோடு அழுந்திய இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும், அங்கே இரத்தம் போக இடமில்லாதபடியால். எட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழிந்தால் அது அப்படியே பதிந்துவிடும். பிறகு பிரேதத்தைப் புரட்டினாலும் கறை இடம் மாறாது. இப்போது யோசியுங்கள்: ஒருவர் மல்லாந்து கிடக்கிறார், ஆனால் ஊதாக் கறை முகத்தில் இருக்கிறது. அவர் இறந்தபின் யாரோ புரட்டியிருக்கிறார்கள். சாட்சி தேவையில்லை, தோலே சொல்லிவிடுகிறது.

குசினிப் பெண்ணின் சிவப்பு வேறு வகை. அந்நாட்களில் வீடுகளுக்கு வந்த, நிலக்கரியிலிருந்து எடுத்த காஸில் காபன் மொனொக்சைட் இருந்தது. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் இரத்தம் செரிப்பழம்போல் சிவக்கும். ஆகவே அந்த முகத்தில் இளஞ்சிவப்பு இருப்பது, அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோது காஸ் உள்ளே போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஆனால் திருகைத் திறந்தது யார்? தாளைத் திணித்தது யார்? சாகப்போகிறவர் கிழங்கு சீவுவாரா, பலகாரம் வெதுப்புவாரா? முகம் ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லிவிட்டு அடுத்த கேள்வியை அறையிடம் தள்ளிவிடுகிறது. விடை என்னவென்று நாமும் அறியோம். இந்தக் காட்சிகள் இன்றும் பயிற்சிக்குப் பயன்படுவதால் விடைகளை வெளியே சொல்வதில்லை.

உண்மையான வழக்குகள் பலவற்றிலிருந்து எடுத்து, பெயரும் இடமும் மாற்றிக் கலந்து செய்யப்பட்டவை இவை. நட்ஷெல் ஆய்வுகள் என்று பெயர். நட்ஷெல் என்றால் கொட்டையின் கோது. குற்றவாளி அகப்படவும் நிரபராதி தப்பவும் உண்மையை அந்தக் கோதுக்குள்ளிருந்து எடுப்பதே புலனாய்வாளரின் வேலை என்ற கருத்தில் பொலிஸாரிடையே வழங்கிவந்த ஒரு பேச்சிலிருந்து வந்த பெயர். நிரபராதியும் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறார் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். எங்கள் நாட்டுப் பொலிஸ் நிலையங்களில் அந்தப் பாதியை யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

1943இல் நியூ ஹம்ஷயர் மாநிலப் பொலிஸ் அவருக்குக் கப்டன் பதவி கொடுத்தது. அந்தப் பட்டத்தால் அழைக்கப்படுவதையே அவர் விரும்பினார். 1945 முதல் வருடத்துக்கு இருமுறை, ஒரு வாரக் கருத்தரங்கு. மாநிலங்கள் தோறும் இருந்து பொலிஸ் அதிகாரிகள் பொஸ்டனுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்குக் காட்சிகளை ஒதுக்கி, தொண்ணூறு நிமிடம் கொடுத்து, பிறகு எழுந்து நின்று அறிக்கை சொல்லச் சொன்னார்கள். கடைசி இரவு நகரின் முதல்தர விடுதியான றிற்ஸ் கார்ல்ரனில் விருந்து. அந்த விருந்துக்கென்றே வாங்கி வைத்த பீங்கான் தட்டுகள். மேசையில் பூ எப்படி இருக்கவேண்டும், யார் பக்கத்தில் யார் இருக்கவேண்டும் என்பதுவரை கப்டன் லீ பார்ப்பார். பெரி மேசன் கதைகளை எழுதிய ஏர்ல் ஸ்ரான்லி கார்ட்னரும் வந்து இருந்து பார்த்தார். 1949இல் வந்த தன் நாவல் ஒன்றை அவருக்குச் சமர்ப்பித்தார்.

பார்க்கும் முறை ஒன்றை அவர் வகுத்துக் கொடுத்தார். கணக்காளருக்கு இது மிகவும் பிடித்துப்போகும். பிரேதத்தில் தொடங்கக்கூடாது. வாசலில் தொடங்கி, மணிக்கூட்டு முள் போகும் திசையில் சுவர் ஓரமாக ஒரு சுற்று. பிறகு உள்ளே ஒரு சுற்று. இப்படி வட்டம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் நடுவுக்கு வரவேண்டும். கணக்காய்விலும் அப்படித்தான். ஐந்தொகையின் பெரிய இலக்கத்தைப் பார்த்துத் திருடன் யாரென்று மனதில் முடிவெடுத்துவிட்டு வவுச்சரைத் தேடினால், அந்த முடிவுக்குப் பொருந்தும் வவுச்சர் மட்டுமே கையில் கிடைக்கும். மற்றது கண்ணெதிரே கிடந்தாலும் தெரியாது. குடிகாரன் செத்தால் குடியால் செத்தான், நடத்தை பற்றி ஊர் கதைத்த பெண் செத்தால் அவமானத்தால் செத்தாள் என்று வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு உள்ளே போகிறவர்களுக்காக அவர் அந்த வட்டத்தைப் போட்டார். யன்னலையும் நாட்காட்டியையும் கிழங்குத் தோலையும் தாண்டி வந்து சேரும்போது, நடுவில் கிடக்கும் முகத்தைப் பார்ப்பவர் ஊர்க்கதையோடு வரமாட்டார்.

முதுமையில் கண் மங்கியது, உடம்பு தளர்ந்தது. 1962 ஜனவரி 27ஆம் திகதி த ரொக்ஸ் பண்ணையில் காலமானார். வயது 83. ஐந்தே வருடத்தில், 1967இல், ஹார்வர்ட் அந்தத் துறையை மூடிவிட்டது. இவ்வளவு பணமும் பிடிவாதமும் ஊற்றிய இடம் அது. படித்தபோது எமக்கு வயிறு எரிந்தது. நல்லவேளையாக, அங்கே முன்பு பயின்ற ரஸல் ஃபிஷர் மேரிலாண்ட் மாநிலத்தின் தலைமை மரணப் பரிசோதனை வைத்தியராக இருந்தார். அவர் அந்தப் பெட்டிகளை பால்டிமோருக்கு எடுத்துச் சென்றார். பதினெட்டுக் காட்சிகள் இன்றும் அந்த அலுவலகத்தில் இருக்கின்றன. அவர் பெயரிலேயே கருத்தரங்கு தொடர்ந்து நடந்துவந்திருக்கிறது. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பொலிஸ்காரர்கள் அந்தக் குசினிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.

2017 ஒக்ரோபரில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் ரென்விக் கலைக்கூடம் அவற்றை வாங்கிச் சில மாதங்கள் பொதுமக்களுக்குக் காட்டியது. அதற்கு முன் திருத்த வேலை நடந்தது. பழைய மின்குமிழ்களின் சூடு பொருட்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது, புதிய எல்.ஈ.டி விளக்குப் போடவேண்டும். ஆனால் புதிய விளக்கின் வெளிச்சம் வேறு நிறம். அப்படியே போட்டால் அறையின் நிறங்கள் எல்லாம் மாறித் தெரியும். பழைய குமிழின் மஞ்சள் சாயலுக்கு ஒத்துவரும்வரை அந்த விளக்குகளைச் சரிசெய்து, அதன்பிறகே பொருத்தினார்கள். இல்லாத ஒரு பெண்ணின் கன்னத்துச் சிவப்பு, எழுபது வருடத்துக்கு முன் ஒரு கிழவி பார்த்த அதே சிவப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காக இத்தனை பாடு.

இதை வாசித்த அன்றிரவு ஊருக்குத் தொலைபேசி எடுத்தோம். அம்மாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. ஞாபகம் நல்ல தெளிவு. அந்தக் கிணற்றடி அக்காவின் முகம் அன்று என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டோம். ஏன் இந்த நேரத்தில் இதைக் கேட்கிறாய் என்று கொஞ்சம் கடிந்துகொண்டார். பிறகு யோசித்துச் சொன்னார், தாங்கள் போனபோது வேட்டியால் மூடியிருந்ததாம், யாரும் விலக்கிப் பார்க்கவில்லையாம்.